பதினொரு மணி வெயில்

பேராவூரணிப் பக்கம் என் மாமனார் குத்தகைக்குப் பார்த்துவந்த தென்னந்தோப்பு, வழக்கில் தோற்றதால் கைவிட்டுப் போனது. அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் சவுதிக்குக் கிளம்பினார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமனாரும் காலமாகிவிட, நானும் மாமியும் பட்டுக்கோட்டையில் ஒரு சந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். பகலிலேயே லைட் போட்டால்தான் சமைக்க முடியும். வெளியே போவதென்றால் புர்கா, ஆட்டோ. அவர் எப்போதாவது லீவில் வருவார்.

எனக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல், ஒரு மழைக்காலத்தில் விரல்கள் மக்கர் செய்ய ஆரம்பித்தன. காலையில் இரண்டு கையும் மடங்காது. கணுக்கள் வீங்கிச் சூடாக இருக்கும். இடியாப்ப உரலை அழுத்த மாமியைக் கூப்பிடுவேன். ஜாக்கெட் கொக்கி போட்டுவிடுவதும் மாமிதான். வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. போனைக் கையில் பிடிக்க முடியாமல், அடுப்பு மேடையில் ஸ்பீக்கரில் வைத்துப் பேசுவேன்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, முடக்குவாதம் என்றார். வைட்டமின் டியும் ரொம்பக் குறைவாம்.

"வெயில்லயே நிக்கிறதில்லையா?"

"தோப்புல இருந்தப்ப நின்னதுதாங்க."

"அதனாலதான் இது வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா டி குறைஞ்சா எலும்பு பலவீனமாகும், வலியும் கூடலாம். அதுக்கு மருந்து தரேன். கொஞ்ச நேரம் வெயில்லயும் உட்காருங்க. வெயிலே வாதத்தைப் போக்கிடும்னு நெனச்சு வாத மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

மறுநாள் பதினொரு மணிக்கு மொட்டைமாடிக்குப் போனேன். கொடியில் போர்வையை மறைப்பாகப் போட்டு, ஜாக்கெட் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தேன். தோலில் சூடு ஏற ஏற, கல்யாணமான புதுசில் அவரோடு தோப்பில் மட்டை பொறுக்கித் திரிந்தது நினைவுக்கு வந்தது. அழுகையை அடக்க முடியவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் அவர் போன் வந்தது.

"எங்க இருக்க? காத்துச் சத்தம் கேக்குது."

"மாடியில. வெயில்ல."

"இந்நேரத்துல அங்க என்ன வேலை?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் புள்ள முன்னாடியே சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுட்டு வந்துடுவீங்க மச்சான்."

"வந்தா வேணாம்ங்கிறியா?"

வேணும் என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை.

அந்தக் கோடையில் வந்தார். மருந்தில் வீக்கம் வடிந்திருந்தது, இரண்டு விரல் மட்டும் லேசாகக் கோணியிருந்தது. அவரும் மாடிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் அங்க குடோனுக்குள்ளயேதான் கெடக்கேன். எனக்கும் டி குறைவாத்தான் இருக்கும்" என்று சட்டையைக் கழற்றினார். வெயில் உறைக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு இறங்குவோம்.

லீவு முடிந்து, திருச்சி ஏர்போர்ட்டில் உள்ளே போகும்முன் என் கையைப் பிடித்தார். வலிக்குமோ என்று விரல் நுனியை மட்டும் தொட்டாற்போல் பிடித்தார். வலித்தாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.