ஐம்பத்தெட்டுக்குப் பூச்சியம்

ஐஸில் விழுந்தவர் எவரும் தன் காலைத் திட்டுவதில்லை. ஐஸ் போட்டவனைத் திட்டுவார், இல்லாவிட்டால் சப்பாத்துத் தந்தவனைத் திட்டுவார். ஒக்லண்டில் சனம் வழுக்கி விளையாடுகிற ஓர் ஐஸ் ரிங்கில் அந்த இரண்டு ஆளாகவும் நான் ஒருவனே இருந்தேன். ஆகவே, கவுண்டருக்குப் பின்னால் நின்று செய்யாத குற்றத்துக்குப் பேச்சு வாங்கிய அன்பர்களே, இது உங்களுக்குத்தான். செய்த குற்றங்களும் சில உண்டு, அவற்றையும் ஒளிக்கப் போவதில்லை. இதில் வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் மன்னார்த் தமிழ் கதைப்பார்கள். அவர்களுடைய இங்கிலீஸை அப்படியே எழுதினால் எனக்கே பாதி விளங்காது.

பதினொரு வருஷ அனுபவம்

நான் மன்னாரில், பேசாலை ஐஸ் கம்பனியில் வேலை செய்தவன். ஐஸ் கம்பனி என்றால் மீனுக்கு ஐஸ். நாட்டில் பிரச்சினை முற்றி, கடலுக்குப் போகத் தடை வந்து, மீன் இல்லாமல் போக, ஐஸ் எதற்கு என்று கம்பனியைப் பூட்டிவிட்டார்கள். எண்பத்தைந்தில் நான் மட்டும் எப்படியோ நியூசிலாந்து வந்து சேர்ந்தேன். மேரி, என் மனைவி, பேசாலையிலேயே நின்றுவிட்டாள். அவளைக் கூப்பிடுவதற்கு இமிகிரேஷன்காரர் கேட்டது ஒரேயொரு கடிதம்: இந்த ஆளுக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி ஒப்பம் வைத்த கடிதம். அதற்காக மலையைப் புரட்டச் சொன்னாலும் புரட்டியிருப்பேன்.

அப்போதுதான் பேப்பரில் பார்த்தேன், ஐஸ் வேலைக்கு ஆள் தேவை என்று. அட, எங்கே போனாலும் மீன் நம்மைக் கைவிடாது என்று சந்தோஷமாகப் போனேன். போன இடத்தில் மீன் மணமே இல்லை. பெரிய மண்டபம், தரை முழுக்க ஐஸ், அதன்மேல் சனம் சுற்றிச் சுற்றி வழுக்கிக்கொண்டிருக்கிறது. மனேஜர் பிரையன், தாடிக்காரர், "ஐஸில எவ்வளவு அனுபவம்?" என்று கேட்டார். பதினொரு வருஷம் என்றேன். மனுஷனுக்குக் கண் விரிந்தது. "அப்ப நல்லா ஸ்கேட் பண்ணுவாய்?" "ஐயா, நான் ஒருநாளும் ஐஸுக்கு மேல ஏறினதில்லை. மீனைத்தான் ஏத்தியிருக்கிறன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பின்பக்கம் கூட்டிப்போய்க் கொம்பிரசரைக் காட்டினார். அதே அமோனியா, அதே உப்புத் தண்ணீர்க் குழாய், அதே இரைச்சல். எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாக. மூக்கை நீட்டி மணந்து பார்த்து, எந்த மூட்டில் கசிகிறது என்று சொன்னேன். பிரையன் என் தோளில் தட்டினார். "வழுக்கி ஓட இங்க ஊர்ப்பட்ட ஆக்கள் இருக்கினம், சேவியர். இதை உருகாமல் வச்சிருக்கத்தான் ஆளில்லை. தற்காலிகமா நாளைக்கே வா."

பேசாலையில் சிரிப்பு

தற்காலிகம் என்ற சொல்லை விட்டுவிட்டு மிச்சத்தை எல்லாம் மேரிக்கு எழுதினேன். ஐஸ் ரிங்க் என்றால் என்னவென்று விளக்க இரண்டு பக்கம் போனது. மண்டபத்துக்குள் ஐஸ் போட்டு, கத்தி வைத்த சப்பாத்தோடு மனுஷர் அதில் ஓடுகிறார்கள் என்று எழுதியபோது எனக்கே அது பொய் மாதிரி இருந்தது.

பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. எல்லாரும் சுகம், ஷெல் சத்தம் இப்போது கொஞ்சம் குறைவு, நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று மூன்று பக்கம். கடைசியில் ஒரு வரி: "ஐஸ் கம்பனியில இருந்து தப்பி, கப்பல் பிளேன் எல்லாம் ஏறி, திரும்ப ஐஸ் கம்பனிக்கே போன ஒரே ஆள் என்ர மருமகன்தான் எண்டு அம்மா ரோட்டில போற வாற சனத்துக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறா."

தாராள மனசு

ரிங்கில் ஐஸ் ஓர் அங்குலத் தடிப்புத்தான். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பேசாலையில் மெல்லிய ஐஸ் போட்டால் படகுகளின் முதலாளிகளான சம்மாட்டிமார் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி பேசுவார்கள். கட்டி தடிப்பாக இருந்தால்தான் கம்பனிக்குப் பெயர். பிரையன் லீவில் நின்ற ஒரு வாரத்தில், மனுஷன் திரும்பி வந்து அசந்துபோகட்டும் என்று ஹோஸைப் பிடித்து நாளுக்கு நாலு தரம் தண்ணீர் விட்டேன். கையளவு உயர்ந்தது. பெருமை தாங்க முடியவில்லை.

ஐயோ, குளிர் அடியில் இருக்கிற குழாயில் இருந்தல்லவா மேலே வரவேண்டும்! தடிப்பு கூடக் கூட மேல்பக்கம் இளகி, சனிக்கிழமை வந்த சனமெல்லாம் முழங்கால்வரை நனைந்துகொண்டு கூழுக்குள் நடப்பதுபோல் நடந்தது. திங்கட்கிழமை பிரையன் வந்தார். பார்த்தார். கத்தியிருந்தால் பரவாயில்லை, மெல்லிய குரலில் சொன்னார்: "இது மூண்டு நாள் பழுதாகாமல் இருக்க வேண்டிய மீன் இல்லை, சேவியர். ரெண்டு மணித்தியாலத்தில வீட்டை போற மனுசர்."

கத்தி தீட்டியவன்

ஐஸை நான் திருத்திக்கொண்டதும், ஸ்கேட் சப்பாத்தின் பிளேட் தீட்டுகிற வேலையையும் என் தலையில் கட்டினார்கள். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். பாரை மீனை ஒரே வெட்டில் இரண்டாக்குகிற கத்தி தீட்டியவன் நான்.

முதலாவதாகத் தீட்டக் கொடுத்தவன் டெரக். கிளென் ஈடன் பக்கத்தில் தபால்காரன், ஆறடிக்கு மேல் உயரம், எங்கள் ரிங்க் ஐஸ் ஹாக்கி கிளப்பில் தடுப்பாட்டக்காரன். அவனுடைய பிளேட் இரண்டையும் ஆசை ஆசையாக, நடுவில் ஒரே முனை வரும்படி தீட்டினேன். ஒரு மயிரை வைத்தால் பிளந்துவிடும். டெரக் கட்டிக்கொண்டு ஐஸில் ஒரு கால் வைத்தான், அடுத்த கால் வைக்கவே இல்லை. தடாலென்று விழுந்த சத்தத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண் எழும்பி நின்றுவிட்டாள். எழும்பினான், திரும்ப விழுந்தான். கடைசியில் முழங்காலில் தவழ்ந்தே என் கவுண்டருக்கு வந்தான். நான் வேலை போச்சு, கடிதம் போச்சு, மேரி போச்சு என்று நின்றேன்.

அவனோ ஸ்கேட்டைக் கழற்றி, பிளேடை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். ஸ்கேட் பிளேடுக்கு ஒரு முனை இல்லையாம், இரண்டு விளிம்பாம், நடுவில் மெல்லிய பள்ளமாம். இரண்டு விளிம்பிலும் விரல் நகத்தை இழுத்து, இரண்டிலும் ஒரே அளவு சுரண்டுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பொறுமையாகச் சொல்லித் தந்துவிட்டு, போகும்போது திரும்பினான். "நீ தீட்டினதால ஒரு முழுச் செம்மறியைத் துண்டாடலாம், சேவியர். நிக்கத்தான் ஏலாது." பிரையனிடம் அவன் சொல்லவில்லை. ஆனால் தபால்காரன் அல்லவா, ஒரு வாரத்தில் மேற்கு ஒக்லண்ட் முழுக்கக் கதை தெரிந்துவிட்டது.

பாபடோயிட்டோயில் இருந்து வந்த விருந்தாளிகள்

அந்தக் காலத்தில் ஒக்லண்டில் எங்கள் ஆட்களை விரல்விட்டு எண்ணலாம். ஞானம் அண்ணைக்கு எயார்போர்ட்டில் வேலை, வீடு தெற்கு ஒக்லண்டில், பாபடோயிட்டோயில். ஒரு ஞாயிறு, நான் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மனைவி ராணி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா நல்ல பட்டுச்சேலை, அண்ணைக்குக் கழுத்தில் ரை. கையில் கடலை வடைப் பார்சல்.

அண்ணை ஸ்கேட் போடத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பிறகு இரண்டு காலிலும் நிற்க முடியாமல், சுவர்க் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றி வர முக்கால் மணித்தியாலம் எடுத்தார். கம்பியை விட்ட ஒரு கணம் அவர் வாயில் எத்தனை தெய்வங்கள் வந்தன என்று கத்தோலிக்க வேதக்காரனான நான் எண்ணவில்லை. ராணி அக்கா கரையில் நடுங்கிக்கொண்டிருந்தா. தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, "எப்பிடி அக்கா எங்கட ரிங்க்?" என்று கேட்டேன். "தம்பி, குறை நினையாதையும். இந்தக் குளிர் எங்கட வாடகை வீட்டுக்குள்ளயே கிடக்குது. இதுக்கெண்டு இவ்வளவு தூரம் வந்தமோ?"

நாட்டுக்காக

எண்பத்தேழில் ஒரு நாள் டெரக் கவுண்டரைத் தாண்டிக் குதித்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். நியூசிலாந்துக்கு ஐஸ் ஹாக்கி அணி ஒன்று முதன்முதலாக உலகப் போட்டிக்குப் போகிறதாம், அவுஸ்திரேலியாவில் பெர்த்துக்கு. அதில் அவனும் ஒருவனாம். நாடு முழுக்க ரக்பிப் பைத்தியம்; பிளொக்ஹவுஸ் பே பக்கத்தில் நான் பால் வாங்குகிற டெய்ரிக் கடைக் குஜராத்திக்காரர்கூட, "நியூசிலாந்துக்கு ஐஸ் ஹாக்கி அணி எண்டு ஒண்டு இருக்கோ?" என்று கேட்டவர். டெரக்குக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அணியின் கறுப்பு உடுப்பைத் தபால் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டித் திரிந்தான்.

புறப்பட முதல், எங்கள் ரிங்கில் இருந்து போகிற பெடியள் எல்லாருடைய ஸ்கேட்டையும் கொண்டுவந்து என் முன்னால் குவித்தான். பிரையனுக்கு முகம் வெளிறிவிட்டது. "செம்மறி வெட்டினவனிட்டயா?" என்றார். "இப்ப இவனை விட்டா ஆளில்லை" என்றான் டெரக். நான் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்: நிரந்தர வேலைக் கடிதம். பிரையன் தாடியைத் தடவினார். "சரி. பெர்த்தில இருந்து பிளேடைப் பற்றி ஒரு முறைப்பாடும் வராட்டி ஒப்பம் வைக்கிறன். வந்தா, நீ வேற ஐஸ் பார்."

மிச்சம் இரண்டு நிமிஷம்

அத்தனை பிளேடையும் தீட்டினேன். ஒவ்வொரு விளிம்பிலும் நகத்தை இழுத்துப் பார்த்துப் பார்த்து எனக்கு நகமே இல்லாமல் போனது. அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு ஒரு காலை பிரையன் டெலிபோனை வைத்துவிட்டு, செத்த வீட்டுக் குரலில், "அவுஸ்திரேலியா. ஐம்பத்தெட்டுக்குப் பூச்சியம்" என்றார். நான் முதலில் கிரிக்கெட் என்று நினைத்தேன். இல்லையாம். எங்கள் ஆட்கள்தான் பூச்சியமாம். வேறு யாரிடம் என்றாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டுக்காரனிடம்! பிரையன் என் பிளேட் தீட்டுகிற சாணைச் சில்லை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

சில்லு கோணியிருந்ததோ? அவசரத்தில் யாருடையதையாவது ஒற்றை முனையாக்கிவிட்டேனோ? எல்லாரும் செம்மறிக் கணக்காகக் கவிழ்ந்து கிடக்க, அவுஸ்திரேலியாக்காரன் ஆற அமர கோல் அடித்துக்கொண்டிருந்த காட்சி கண்ணுக்குள் வந்து நின்றது. அந்தோனியாரே, இந்த ஒரு தரம் காப்பாற்றும் என்று மன்றாடினேன். மேரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் 'அன்புள்ள' என்பதற்கு மேல் பேனை நகரவில்லை. பால் வாங்கப் போன இடத்தில், யாரிடமாவது சொன்னால் மனம் ஆறும் என்று டெய்ரிக்காரரிடம் சொன்னேன். அவர் கணக்கில் வலு கெட்டிக்காரர். "ஒரு மாட்ச் எவ்வளவு நேரம்?" என்றார். அறுபது நிமிஷம் என்றேன். விரல் மடித்து எண்ணினார். "அப்ப மிச்சம் ரெண்டு நிமிசமும் அவுஸ்திரேலியாக்காரர் என்ன செய்தவை?"

டெரக் வந்தான்

அணி திரும்பி வந்து மூன்றாம் நாள், வேலை முடிந்த கையோடு, தபால் உடுப்போடு டெரக் வந்தான். தபால் கந்தோரில் பகிடி பண்ணியே அவனைச் சாகடித்திருக்கிறார்கள் என்று முகத்தில் தெரிந்தது. யாரோ அவன் சைக்கிளில் 58 என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டிருந்தார்கள், அதைக்கூட அவன் கிழிக்கவில்லை. ஸ்கேட்டைக் கவுண்டரில் வைத்தான். "டெரக், என்ர பிளேடாலயோ?" என்றேன்.

பிரையன் உள்ளேயிருந்து வந்துவிட்டார். அவருக்கும் அந்த அணியில் பாசம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. "இஞ்ச பார் டெரக், பிளேட் பிழை எண்டா ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. செம்மறிக் கதை ஊருக்கே தெரியும், ஆரும் நம்புவினம். உங்கட மானமும் தப்பும்" என்றார். அதுதான் உண்மை. ஒரு 'ஓம்' போதும். சைக்கிளில் எழுதியவன் வாயும் அடைபடும், ஐம்பத்தெட்டும் பேசாலைக்காரன் கணக்கில் ஏறிவிடும், ரிங்கில் என் மேசைக்கு மேல் ஒட்டியிருந்த மேரியின் படத்தை நான் கழற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். டெரக் அந்தப் படத்தைப் பார்த்தான். ஸ்கேட்டை எடுத்து, ஒரு விளிம்பில் நகத்தை இழுத்தான், மற்ற விளிம்பிலும் இழுத்தான். ஒரு பெருமூச்சு விட்டான்.

"பிளேடில ஒரு பிழையும் இல்லை, பிரையன். நான் அங்க ஒருக்காலும் வழுக்கேல்லை. ஐம்பத்தெட்டும் எங்களைத் தாண்டிப் போகேக்க, நாங்கள் எல்லாரும் நல்ல வடிவா நிண்டுகொண்டுதான் இருந்தனாங்கள்."

பிரையன் சட்டைப் பையில் பேனையைத் தேடத் தொடங்கினார்.

ஒரு நாடு அவுஸ்திரேலியாவிடம் ஐம்பத்தெட்டு கோல் வாங்கிய தயவில் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்ட ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மேரி மட்டும், "அவங்கள் ஐம்பதோட நிப்பாட்டியிருந்தாலும் நான் வந்திருப்பன்தானே" என்று இன்றைக்கும் டெரக்குக்காகப் பரிந்து பேசுகிறாள்.