ஊர்ப்பெயர் கொண்ட மாப்பிள்ளை

சித்தி கட்டப்போகிறவர் வெள்ளைக்காரர் என்பதைவிட, அவருடைய குடும்பப் பெயர் தோல்பெக் என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சாக இருந்தது. என் காதில் அது தோற்பை என்றே விழுந்தது. சுவிஸில் துன் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் சித்தி வரவேற்பு மேசையில் வேலை செய்தார். மாப்பிள்ளை அங்கேயே கேக் செய்பவர்.

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஞாயிறு காலை, அப்பா கைபேசி வரைபடத்தில் அந்தப் பெயரைத் தேடினார். இங்கிலாந்தில் அப்படியொரு சின்னக் கிராமமே இருந்தது. ஒரு தேவாலயம், சில வீடுகள், மீதியெல்லாம் புல்வெளி. யாரைக் கண்டாலும் எந்த ஊர் என்று முதலில் கேட்பவர் அப்பா. இங்கே ஊரே ஆளின் பெயராக இருந்தது.

“ஊருக்கே இவையின்ரை பேரெண்டால், பெரிய குடும்பம்தான்,” என்று அம்மாவிடம் சொன்னார். அதுவரை இந்தக் கலியாணத்தைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், புதுச் சட்டை போட்டுக்கொண்டார்.

சாப்பிடும்போது, கலியாணத்துக்கு மாப்பிள்ளையின் ஊரிலிருந்து யார் யார் வருவார்கள் என்று அப்பா கேட்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, சித்தி தமிழாக்கினார்.

“அங்கை தனக்கு ஒருத்தரும் இல்லையாம். பிறந்த கையோடை ஆரோ தன்னை அந்த ஊர் பஸ் தரிப்பிலை விட்டிட்டு...”

சித்தி பாதியில் நிறுத்திவிட்டார். தாய் தகப்பன் இல்லை என்று மாப்பிள்ளை முன்பு சொன்னபோது, செத்துப்போனார்கள் என்றே அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா சொதி அகப்பையோடு அப்படியே நின்றார். பிறகு சித்தியே சொல்லி முடித்தார்.

“பேர் தெரியாததாலை, கண்டெடுத்த ஊரின்ரை பேரை வைச்சிட்டினமாம்.”

அப்பா வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்திருந்தார். பிறகு எழுந்து கையைக் கழுவி, பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கலியாணம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். சித்தியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். எல்லோரும் பார்க்க, மாப்பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்பா திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. “கலியாணத்திலை இவரின்ரை பக்கம் தாய் தகப்பனாய் அக்காவும் நானும் நிக்கிறம். சொல்லு பிள்ளை அவருக்கு.”

அம்மாவும் அப்பாவும் அந்தப் பக்கம் போனால் சித்திக்கு யார் இருக்கிறார்கள்? நான் ஓவென்று அழுதேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மேசையில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அதே கவலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.