மனிதக் கோபுரத்துக்கு பர்மிட் கேட்ட கதை

எங்க சேஃப்டி வேலையில ஒண்ணும் நடக்கலைன்னா "இவங்க எதுக்கு?"ன்னு கேப்பாங்க, ஏதாவது நடந்துட்டா "இவங்க எங்க?"ன்னு கேப்பாங்க. ஹெல்மெட்டைத் தலையில போடச் சொன்னா வண்டிக் கண்ணாடியில மாட்டுற ஜனங்களோட தினம் மல்லுக்கட்டுற என் இனத்தாரே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓசூர்ல ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில பதினோரு வருஷமா நான் சேஃப்டி ஆபீசர். கெலமங்கலத்துப் பொண்ணு, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. போன வருஷம் ஸ்பெயினுக்கு அனுப்பினாங்க. அங்க எங்க கம்பெனி வாங்கின, இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்குற பழைய பிரஸ் மெஷினைக் கழட்டி, பத்திரமா கப்பல்ல ஏத்திவிடணும்.

கூட வந்தவர்

கூட வந்தவர் பாகலூர் முனிராஜ் அண்ணா. ரிக்கர் ஃபோர்மேன், அதாவது எத்தனை டன் மெஷினா இருந்தாலும் பட்டை கட்டித் தூக்கி இறக்குறவர். வீட்ல தெலுங்கு, சந்தையில கன்னடம், என்கிட்ட தமிழ். அதுக்கு முந்தின ஆடி மாசம் ஷெட் கூரை வேலையில நாலு மீட்டர் உயரத்துலேர்ந்து விழுந்து, காரை எலும்பு உடைஞ்சு, மூணு மாசம் வீட்ல கிடந்தார். பாதுகாப்பு பெல்ட்டோட கொக்கியைக் கழட்டி அடுத்த கம்பிக்கு மாத்துறப்ப, மாட்டாமலே கால் எடுத்து வெச்சுட்டார்.

விபத்து ரிப்போர்ட் எழுதினவ நான். காரணம்ங்கிற கட்டத்துல "தொழிலாளியின் கவனக்குறைவு"ன்னு போட்டேன். அந்த ரெண்டு வார்த்தையால உயரத்துல வேலை செய்யிற பாஸ் அவருக்குப் புதுப்பிக்காம நின்னுபோச்சு. ஊர் திரும்பினதும் இதே பிரஸ்ஸைத் தூக்கி நிறுத்த அவர் மேல ஏறியாகணும். பாஸ் இல்லைன்னா ஃபோர்மேன் வேலை அடுத்தவருக்குப் போயிடும். அந்த பாஸ்ல கையெழுத்துப் போட வேண்டியதும் நான்தான். இத்தனையும் தெரிஞ்சவர், ஃப்ளைட்ல பக்கத்து சீட்ல உக்காந்து அதைப் பத்தி வாயே திறக்கலை. சீட் பெல்ட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டு இவ்வளவுதான் கேட்டார்: "மேடம், நீங்க போட்டீங்களா?"

பதினாலு குறை

ஞாயித்துக்கிழமை வேலை இல்லை. நாங்க தங்கியிருந்த ஊருக்குப் பக்கத்துல மனுஷக் கோபுரத்துக்குன்னே ஒரு மியூசியம். ஸ்பெயின்ல அந்தப் பகுதியில இருக்கிற கத்தலான் ஜனங்க திருவிழான்னா தோள் மேல தோளா ஏறி எட்டு அடுக்கு, ஒன்பது அடுக்குன்னு நிக்கிறாங்க. நம்ம உறியடியில மூணு அடுக்கு நிக்கிறதுக்கே நாக்கு தள்ளிடும். உச்சிக்கு ஒரு சின்னப் பொண்ணு ஏறி, கையைத் தூக்கிக் காட்டிட்டு அந்தப் பக்கமா வழுக்கி இறங்கிடுது.

பெரிய திரையில இதைப் பாத்து எல்லாரும் கை தட்ட, நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சேன். பழக்க தோஷம். வெறுங்கால். பெல்ட் இல்லை. வலை இல்லை. எங்க விதிப்படி மேல வேலை நடந்தா கீழ ஒரு ஈ நிக்கக் கூடாது. இங்க விழுற இடத்துலேயே நூத்துக்கணக்கான ஜனம் நெருக்கியடிச்சு நிக்குது. மொத்தம் பதினாலு குறை தேறுச்சு. சுத்திக் காட்டின நூரியாங்கிற பொண்ணுகிட்ட, இதுக்கெல்லாம் யார் பர்மிட் குடுக்கிறதுன்னு இங்கிலீஷ்ல கெத்தாவே கேட்டேன். அவ திரையைக் கை காட்டினா. "அந்தப் பொண்ணோட அம்மாதான். இதோ, கீழ நிக்கிறாங்க பாருங்க."

இடுப்புத் துணி

கோபுரம் ஏறுறவங்க இடுப்புல கறுப்புத் துணியை இறுக்கிச் சுத்திக்கிறாங்க. முதுகுக்கும் காவல், மேல ஏறுறவங்களுக்கும் படி. பல மீட்டர் நீளம். தனியா சுத்த முடியாது. ஒருத்தர் ஒரு முனையை விறைப்பா பிடிச்சுக்க, கட்டிக்கிறவர் தன்னையே சுத்திக்கிட்டு அவர்கிட்ட வந்து சேரணும்.

நூரியா முனையை என்கிட்ட நீட்டினா. நான் பிடிச்சேன், தொளதொளன்னு போச்சு. முனிராஜ் அண்ணா வாங்கி, காலை அகட்டி நின்னு பிடிச்சார். அவ கடகடன்னு சுத்தி வந்து நின்னப்ப துணியில ஒரு சுருக்கம் இல்லை. அவ பாராட்டினதை நான் அண்ணாவுக்கு மொழிபெயர்க்கலை. கவனக்குறைவுன்னு எழுதினவளுக்கு அதைச் சொல்ல வாய் வரலை. அவ சொன்னது இதுதான்: "இவர் பிடிச்சா நான் கண்ணை மூடிக்கிட்டே சுத்துவேன்."

குழல் எதுக்கு

கோபுரம் எழும்புறப்ப நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி ஒரு குழலும் மேளமும் வாசிக்கிறாங்க. விசேஷம்னா மேளம் இருக்கத்தானே செய்யும்னு நான் நெனைச்சேன். நூரியா அப்படி இல்லைன்னு சொன்னா. அடியில முட்டுக் குடுக்கிறவங்க தலையைக் குனிஞ்சு நிக்கிறதால அவங்களுக்கு மேல நடக்கிறது தெரியாது. எது வரைக்கும் ஏறியாச்சு, எப்போ இறங்குறாங்கன்னு அந்த வாசிப்பைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவாங்களாம். இதை அண்ணாவுக்குத் தமிழ்ல சொன்னேன். அவர் அந்த வாசிப்பை மூணு தடவை திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்.

வெளிய பெஞ்ச்ல உக்காந்து ரொட்டி தின்னப்பதான் பேசினார். எங்க ஷெட்லயும் அப்படி ஒரு முறை உண்டு. மேல வேலை நடக்கிற இடத்தைச் சுத்திக் கட்டின வேலிக்கு வெளிய ஒரு ஆள் நிக்கணும். மேல இருக்கிறவர் ஒவ்வொரு தடவை நகர்றதுக்கு முன்னாடியும் கீழ நிக்கிற அந்த ஆள் "கொக்கி?"ன்னு கத்தணும், மேலேர்ந்து "போட்டாச்சு"ன்னு வரணும். அதைத் தவிர அந்த ஆளுக்கு வேற வேலையே கிடையாது. அண்ணா என் முகத்தைப் பாக்காமலே சொன்னார்: "அன்னிக்கி ஆடிட்காரங்க வர்றாங்கன்னு தீயணைப்பு சிலிண்டர் துடைக்க அந்த ஆளைக் கூட்டிட்டுப் போனது நீங்கதானுங்க மேடம். ஆஸ்பத்திரிக்கு வந்து அவரே சொல்லி அழுதாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் சொல்லிட்டேன்."

கட்டத்துல என் பேரு

எனக்கு அது ஞாபகம் இல்லைன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். கீழ நின்ன ஆளைக் கூட்டிட்டுப் போனது அஞ்சு நிமிஷந்தானேன்னு மனசைச் சமாதானப்படுத்திக்கிட்டுத்தான் அந்தக் கட்டத்துல அண்ணா மேல பழியை எழுதினேன். அன்னிக்கி பெஞ்ச்ல ரொட்டியைக் கீழ வெச்சுட்டேன். அவ்வளவு வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சுக்குங்கண்ணான்னேன். அவர் தண்ணி பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

ஓசூர் வந்த மறுநாளே ரிப்போர்ட்டைத் திருத்தினேன். காரணம்: "கீழே நின்றவரை வேறு வேலைக்கு அழைத்துச் சென்றது. அழைத்தவர்: சேஃப்டி ஆபீசர்." எனக்கு மெமோ வந்துச்சு, ஃபைல்ல இருக்கு, இருக்கட்டும். அண்ணாவோட பாஸ்லயும் கையெழுத்துப் போட்டேன். ரிப்போர்ட்டை ரெண்டு தடவை படிச்ச எங்க மேனேஜர் கண்ணாடியைக் கழட்டினார். "ஏம்மா, தன் மேல தானே பிராது எழுதிக்கிறது எந்த ஊர் வழக்கம்?"

கீழ யாரு

பிரஸ் வந்து இறங்குச்சு. முனிராஜ் அண்ணா பெல்ட்டை மாட்டிக்கிட்டு ஏணியில கையை வெச்சவர், ஏறலை. இன்னிக்கி கீழ யாருன்னு கேட்டார். நான்தான்னேன். பதினோரு வருஷத்துல அந்த இடத்துல நான் நின்னதே இல்லை, அடுத்தவங்களை நிக்க வெச்சதுதான். அந்த நேரம் பாத்து என் பாக்கெட்ல போன் அடிச்சுது. அவர் திரும்பிப் பாத்துச் சிரிச்சார். "அப்ப அந்தப் போனை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு வந்து நில்லுங்க மேடம்."

பதினோரு வருஷமா ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்லைன்னு பெருமை அடிச்சுக்கிட்ட நான், வெறுங்கையோட முக்கால் மணி நேரம் ஒரே இடத்துல நின்னு "கொக்கி?"ன்னு கத்தினதைத்தான் இப்போ என் சர்வீஸ்லேயே உருப்படியான வேலைன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்.