சீட்டைப் பார்த்து வாங்கிய சைக்கிள்

செருப்பு கழன்றது எனக்குத் தெரியவில்லை. திண்டுக்கல்லில் எங்கள் தோல் மண்டியிலிருந்து கடைவீதிக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்தவர், "பாய், ஒத்தச் செருப்போட எங்க போறீக?" என்றார். குனிந்தேன். வயிறு மறைத்தது, கால் தெரியவில்லை. அன்று முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தேன். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் சிரிக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

கடைசியில் நான் போனபோது டாக்டர் என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் மருந்தோடு காய்ச்சினார். நீலமாக நிற்க வேண்டியது செங்கல் நிறமானது. நீரிழிவு (உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் சிறுநீரில் விடும் நோய்), கூடவே நியூரைட்டிஸ் (நரம்பு கெட்டு உணர்ச்சி மங்குதல்) என்றார்.

"எடையைக் குறைக்கணும் பாய். முட்டிவலி நடக்க விடலைன்னா சைக்கிள் ஓட்டுங்க. குதிரைவண்டிய விட்டுருங்க."

மணங்கு போய்க் கிலோ வந்த புதிது. தோல்கட்டு நிறுக்கும் தராசில் என்னை ஏற்றிப் பார்த்தார்கள். நூறைத் தாண்டினேன்.

அதுவரை சைக்கிளில் ஏறியதே இல்லை. என் மனைவி ஜெய்னம்புவின் தம்பி காதர் கடைக்குக் கூட்டிப்போனான். பளபளத்த புதுச் சைக்கிள் ஒன்றில் கை வைத்தேன்.

"வேணாம் மச்சான். நீங்க உக்காந்தா சக்கரக் கம்பி ஒண்ணொண்ணாத் தெறிக்கும். மூட்டை ஏத்துற வண்டியாப் பாப்போம்."

மூலையில் பழையது ஒன்று நின்றது. மேலே இரட்டைக் கம்பி, பின்சக்கரத்தில் தடித்த ஸ்போக்ஸ். சீட்டு நல்ல எருமைத் தோல். தடவினேன், நகத்தால் அழுத்தினேன், முகர்ந்துகூடப் பார்த்தேன். வருடக்கணக்காகத் தோல் பார்த்தவன் வேறென்ன செய்வான்? அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை.

"பெடல்ல ரப்பரு தேஞ்சு இரும்பு தெரியுது மச்சான். மாத்திருவமா?"

"காலத்தானே வைக்கப் போறோம். பெறகு பாத்துக்கலாம் வாடா."

காதர் பிடித்துக்கொள்ளப் பழகினேன். விழுந்தால் தூக்க அவன் ஒருவன் போதவில்லை. பிறகு ஒருநாள் சின்னாளப்பட்டிப் பக்கம் மதுரை ரோட்டில் தனியாகப் போனேன். முகத்தில் காற்று பட்டது. இந்தச் சுகத்தை இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தேன். கழுவிவிட்ட தரையைப் பார்த்து ஜெய்னம்பு நின்றுவிட்டாள். ரத்தம். யாருக்கு என்ன ஆயிற்று என்று நானும் தேடினேன். அடுப்படி வரை போய்ப் பார்த்தேன். போன வழியெல்லாம் புதுத்தடம் விழுந்தது.

"நடக்காதீங்க," என்றாள் அவள். "உங்க காலுதாங்க."

வலதுகால் செருப்பு ரோட்டிலேயே கழன்றிருக்கிறது. வெறுங்காலால் இரும்பை மிதித்து வந்திருக்கிறேன். சுண்டுவிரலின் அடி கிழிந்து தொங்கியது. அவள் அழுதாள். எனக்கு வலிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் விரல் கறுத்தது. காங்கிரீன் (ரத்தம் ஓடாமல் சதை அழுகுதல்). "கருப்பு பாதத்துல ஏறுச்சுன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கணும் பாய்," என்றார் டாக்டர். பெனிசிலின் ஒரு பக்கம், இன்சுலின் ஒரு பக்கம் என்று ஊசி. காலையில் கட்டுப் பிரிக்கும்போது ஜெய்னம்பு காலைப் பார்ப்பாள், நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். கால் என்ன ஆகிறது என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது.

விரலை எடுத்தார்கள். கருப்பு அதோடு நின்றது. கால் தப்பியது.

சைக்கிளை விற்கச் சொன்னாள் ஜெய்னம்பு. டாக்டர் விடவில்லை. காதர் பெடலுக்கு அகலமான ரப்பர்க் கட்டை போட்டான். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதியச் சீட்டை இறக்கினான். குதிகாலில் வார் வைத்த செருப்பு தைத்துக்கொண்டேன். கனத்த உடம்போடு முதன்முதலாகச் சைக்கிள் வாங்குகிறவர்கள் கம்பியைப் பாருங்கள், சக்கரத்தைப் பாருங்கள். எனக்குள்ள நோய் உங்களுக்கும் இருந்தால், கால் படும் இடத்தை எல்லாவற்றுக்கும் முன்பே பாருங்கள். சீட்டு உறுத்தினால் உடம்பே சொல்லிவிடும்.

கொஞ்சம் இளைத்திருக்கிறேன். ஆனாலும் குனிந்து என் உள்ளங்காலை நானே பார்க்க இன்னும் வயிறு விடவில்லை. சைக்கிளில் போய்த் திரும்பியதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காலை நீட்டுவேன். ஜெய்னம்பு அதை வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல்களைப் பிரித்து, மண்டியில் நான் தோல் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்ப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நீண்டுகொண்டே போகும்.

முன்பெல்லாம் வண்டியை நிறுத்தினால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது அவள் காலைக் கீழே வைத்து, "ஒண்ணுமில்ல," என்று சொன்ன பிறகுதான் நான் வந்து சேர்கிறேன்.