எர்ஹு எனக்குத்தான்

இன்று ஹூஸ்டனில் ஒரு சீன வாத்தியக் கடைக்குப் போனேன், எர்ஹு வாங்க. இரண்டே தந்திதான். தொடைமேல் நிறுத்தி வில்லால் வாசிக்க வேண்டும்.

"குழந்தைக்கு என்ன வயது?" என்றார் கடைக்கார அம்மா.

"நாற்பத்தெட்டு. எனக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. டிராகன் தலை செதுக்கிய பளபளப்பான எர்ஹுவை ஒதுக்கிவிட்டு, சாதாரணமான ஒன்றை நீட்டினார். புதிதாகக் கற்பவருக்கு அலங்காரம் எதற்கு, சுருதி நின்றால் போதும் என்றார்.

வில்லை இழுத்தேன். எண்ணெய் காணாத கதவுபோல் அலறியது.

கூட வந்த பதினேழு வயது மகள் நெளிந்தாள். "அம்மா, ஸ்டாப். எவ்ரிபடி இஸ் லுக்கிங்."

"பாக்கட்டும்டி. உன் வயலின் முதல் வருஷம் இதைவிட மோசம். நான் எழுந்து ஓடினேனா?"

வாங்கிவிட்டேன். சனிக்கிழமை முதல் கிளாஸ். டிரைவர் அவள்தான், புது லைசென்ஸ்.

"கேன் ஐ ஜஸ்ட் டிராப் யூ அண்ட் கோ?"

"முடியாது. ஆறு வருஷம் உன் கிளாஸ் முடியறவரைக்கும் நான் பார்க்கிங் லாட்ல வெயிட் பண்ணேன். இப்ப நீ பண்ணு."

கிளாஸில் இன்னும் நாற்காலிகள் காலியாம். எந்தெந்த அம்மாக்கள் வருகிறீர்கள்? காரில் காத்திருக்கப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.