மூன்று வேளைப் பல்பொடி

கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒன்று இருந்தது. மாவு என்று நினைத்துக் கொப்பளித்தேன். போகவில்லை. ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நான் சமைக்கிற ஹாஸ்டல் மெஸ்ஸில் பாத்திரம் கழுவிய அக்காவுக்கு இப்படித்தான் தொடங்கியது. தாடையை எடுத்தார்கள். பிறகு ஆளே இல்லை.

மகள் பார்த்துவிட்டு, கரமனையிலிருந்து பஸ் ஏற்றிப் பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே காத்திருக்கும்போது என் பயத்தை மறக்கடிக்கப் போனில் எதையோ வாசித்தாள்.

“அம்மா, கேளு. பேஸ்ட் வாறதுக்கு முந்தி எகிப்துல மாட்டுக் குளம்பைச் சுட்ட சாம்பலும் முட்டைத் தோடும் பொடிச்சுத் தேய்ப்பாங்களாம்.”

“அவங்களும் செத்துத்தானே போனாங்க.”

“நல்ல ஆளு கிட்ட சொன்னேன்.”

எகிப்து எதற்கு? பிறந்த வீட்டில் எங்களுக்கு உமிக்கரியும் உப்பும். ஈறு கிழிந்து ரத்தம் வரும், அதைச் சுத்தம் என்றார்கள். கல்யாணமாகி இங்கே கரமனைக்கு வந்துதான் பேஸ்டைப் பார்த்தேன். கடைவாய்ப் பல் வலித்தபோது அந்த அக்கா ஒரு கருப்புப் பல்பொடி கொடுத்தாள். வலி மரத்துப்போனது. பத்து வருடம் மூன்று வேளையும் தேய்த்தேன். தேய்க்காவிட்டால் தலை வலிக்கும். பல் கோளாறு என்றே நினைத்தேன்.

டாக்டர் சின்னப் பெண், மலையாளம் கலந்து பேசினார். “புகையில உபயோகிக்குமோ?”

எனக்குச் சுர்ரென்றது. “என்னைப் பாத்தா அப்படியா தோணுது? எங்க வீட்டுல ஒருத்தரும் தொட மாட்டோம்.”

இல்லை என்று எழுதினார். மகள் என் பையிலிருந்து பொடி டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டர் முகர்ந்தார். எழுதியதை அடித்தார்.

“இது புகையில தன்னே, அம்மே.”

பல்பொடி என்றால் பல்பொடி. அதைப் போய் யார் புகையிலை என்று நினைப்பார்கள்?

சதையில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. புற்று இல்லை என்றார்கள், இப்போதைக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பொடியைக் கக்கூஸில் கொட்டினேன். பேஸ்ட் புண்ணில் எரிகிறது, தேய்க்கிறேன்.

ஆனால் அந்த அக்கா எனக்குக் கொடுத்ததுபோல நானும் மெஸ்ஸில் மூன்று பெண்களுக்குக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் ஒருத்தியை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன்.

“என்னக்கா, மாப்பிள்ளை பாக்கப் போறியா?” என்று சிரித்தாள்.

கன்னத்தை விரலால் விலக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.