கந்தப்பனுக்கு வந்த சாமி

காளியாயிக்குக் கோபம் வந்தால் தேயிலைத் தோட்டத்து லயத்தின் பத்துக் காம்பரா வீடுகளும் வாயை மூடிக்கொள்ளும். அன்றைக்கு வந்த கோபமோ சொல்லி மாளாது. வராதா பின்னே? மதராசில் டாக்டருக்குப் படித்து முடித்து வந்த தம்பி அழகுமுத்துவுக்கு, அக்கரப்பத்தனைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வேலை வேண்டாமாம். மூளை நரம்புகளை ஆராயச் சீமைக்குப் போகிறானாம். அக்கா பார்த்து வைத்த பெண்ணும் வேண்டாமாம்.

“அட்டைக்கடியில கொழுந்தெடுத்து ஒன்னையப் படிக்க வச்சேன். இங்க புள்ளத்தாச்சிக்கு வலி கண்டா கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு ஓடுறோம். நீ செத்தவன் மூளைய அறுக்கப் போறியாக்கும்!”

“அப்பாவுக்கு வந்தது என்னன்னு கண்டுபுடிக்கணும்க்கா.”

“அதான் தோட்டத்துக்கே தெரியுமே. சாமி!”

நாற்பத்தொன்பதாம் வருஷம் அப்பா கந்தப்பனின் கைகால்கள் தாமாகவே வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கின. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று கங்காணி அவரைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்தே விரட்டினார். அந்த வருஷத் திருவிழாவில், தப்பு முழங்க முழங்க ஆட்டம் கூடியது. மாரியம்மன் இறங்கிவிட்டாள் என்று சனம் காலில் விழுந்தது. விரட்டிய கங்காணியே குறி கேட்டார். காளியாயியும் கேட்டாள், தம்பி டாக்டராவானா என்று. அப்பாவின் தலை வெட்டி இழுத்தது. ஆவான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஏழு வருஷம் கழித்து, ஒரு மடக்குத் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் அவர் செத்துப்போனார்.

“அது நரம்பு நோவுக்கா. பரம்பரையா ரத்தத்துல வர்றது. நாம அவரு தலையில மஞ்சத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தோம்.”

காளியாயி தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள். அவன் இடது கையை நீட்டினான். வலது கை, வந்ததிலிருந்தே கால்சட்டைப் பைக்குள்தான் இருந்தது. படித்த திமிர் என்று நினைத்திருந்தாள்.

“அக்கா குடுக்குறத ரெண்டு கையாலயும் வாங்குடா, தொரை!”

அவன் தயங்கித் தயங்கிக் கையை வெளியே எடுத்தான். விரல்கள் தாமாகவே வெட்டி இழுத்தன. தேத்தண்ணி தரையில் சிந்தியது.

ஏழு வருஷம் கும்பிட்ட ஆட்டம் அது. அவளுக்குத் தெரியாதா?

“எப்ப இருந்துடா?”

“போன வருசத்துல இருந்து. இந்தக் கையால ஊசி போட முடியாதுக்கா. நம்பி ஒரு பொண்ணையும் கட்ட முடியாது. தல தெளிவா இருக்குற வரைக்கும் இதத்தான் படிப்பேன்.”

“ஒனக்கு மருந்து கண்டுபுடிச்சிருவியா?”

“எனக்கு ஆகாதுக்கா. பின்னால வர்றவங்களுக்கு ஆகும்.”

காளியாயி அந்தக் கையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அது அடங்கவில்லை.

“சாமின்னு சொல்லுடா தம்பி,” என்று கதறினாள். “பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. ஒரு தடவ சாமின்னு சொல்லு.”

அவன் சொல்லவில்லை.